417 எண் மேகசினை நான் எடுத்தது பற்றி

எர்வின் லூதி, வயது 58, கடிகாரம் பழுது பார்ப்பவன், லாங்நாவ் ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு, ஆகிய நான் 1996 செப்டம்பர் 9 அன்று யாரும் கூப்பிடாமல் போலீஸ் நிலையத்துக்கு வந்து, கேட்டபோது சொல்வதாவது:

நான் முப்பது வருடமாகப் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிக்கிறேன். எல்லாப் பாகத்திலும் எண் பொருந்திய ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. பால் லாரி ஓட்டும் ஊர்ஸ் கெர்பர் என் சிறு வயதுச் சிநேகிதன். துப்பாக்கியின் தலை எது வால் எது என்று தெரியாதவன். போன மாதம் அவன் ஒரு பண்ணை ஏலத்தில் 1943ஆம் வருடத்துத் துப்பாக்கியை வாங்கி என்னிடம் கொண்டுவந்து, "எர்வின், இது தேறுமாடா?" என்று கேட்டான்.

நான் சோதித்தேன். உடம்பில் 806417. போல்ட்டிலும் அதே எண். தோட்டா அடைக்கும் பெட்டியான மேகசினில் அதன் கடைசி மூன்று இலக்கமான 417. அதன் பிறகு அடிக்கட்டைத் தகட்டின் இரண்டு திருகையும் கழற்றினேன். உள்ளே, அந்நாள் சிப்பாய்கள் வைப்பதுபோல், பெயர்ச்சீட்டு மடங்கி இருந்தது: கோட்ஃப்ரீட் வுத்ரிச், ட்ரூப் ஊர். எனக்கு வயிறு எரிந்தது. குருடன் கையில் கண்ணாடி கிடைத்ததே என்று நினைத்தேன்.

"ஒரு நாள் இருக்கட்டும், நல்லாப் பாக்கணும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, என்னிடமிருந்த 902 எண் மேகசினை அதில் மாட்டினேன். மறுநாள், "மேகசின் வேறடா, ஒட்டுப்போட்ட சரக்கு" என்றேன். அவன், "அதனால என்ன, சுடுதுல்ல!" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. 417ஐ அடிக்கடி பார்ப்பதற்காகக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஊர்ஸ், துப்பாக்கியோடு நான் கொடுத்த அந்தச் சீட்டை வைத்து வுத்ரிச்சைத் தேடிப்பிடித்து, நேற்று ஞாயிறு சுடும் போட்டிக்கு அழைத்துவந்தான். அவருக்கு 74 வயது. பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாள் மறந்தாலும் துப்பாக்கி எண் மறக்காத தலைமுறை. கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றிப் பார்த்து, "இது என்னோடது இல்ல. எவன் மாத்தினான்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்ஸ் மட்டும், "அவனப் பாக்காதீங்கப்பா. எர்வின் ஊசி திருடினாக்கூட ரசீது வச்சுட்டுப் போவான்" என்றான்.

நான் மேகசினைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரியவர் அதை மாட்டினார். ஊர்ஸ் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "பெரியவரே, இப்பத்தான் முழுசாச்சு. உங்களோடதே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று துப்பாக்கியை அவரிடமே கொடுத்துவிட்டான். நான் முப்பது வருடம் தேடியதை அவன் ஒரே மூச்சில் கொடுத்தான். அப்படிக் கொடுக்க என்னால் முடியாது என்று அங்கேயே தெரிந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

புகார் எதுவும் தரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை, நடந்தது இதுதான்.

(ஒப்பம்) எர்வின் லூதி