சாகாத மீன் ஒன்று

– சாகாத மீனா ஒண்ணு வேணும். அழகெல்லாம் அப்புறம்.

– சாகாத மீன் கடல்லயே கிடையாதுங்க.

– ஐயோ, கடையில நிக்கற நீங்களே இப்படிச் சொல்லிட்டா எப்படி? ஓல்டன்பர்க்லருந்து ரயிலேறி எம்டனுக்கு வந்திருக்கேன். சரி, லேசுல சாகாததுன்னு ஒண்ணாவது இருக்கும்ல?

– இருக்கு. முதல்ல கையுறையைக் கழட்டுங்க. கண்ணாடியெல்லாம் கம்பளி இழை ஒட்டுது.

– ஓ, மன்னிச்சுக்குங்க.

– இந்தப் பின்னல் நீங்களே போட்டதா?

– ஆமா. நட்சத்திரம்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். முடிக்கறப்போ நண்டாயிடுது.

– ம். நண்டுன்னுதான் நானும் நெனச்சேன்.

– ஐயோ, சிரிக்காதீங்க. அந்த நீலக் குட்டி எப்படி? மின்சாரம் பாஞ்ச மாதிரி ஓடுதே!

– டாம்செல். அது சாகாது. பக்கத்துல இருக்கறதெல்லாம்தான் சாகும்.

– என்னங்க இப்படி பயமுறுத்தறீங்க?

– புதுத் தொட்டியில முதல் மீனா அதை விட்டுட்டா, தொட்டி மொத்தமும் தன் வீடுன்னு நெனச்சுக்கும். பின்னாடி எது வந்தாலும் விரட்டி விரட்டிக் கடிக்கும். தொட்டி யாரோடது? உங்களோடதா?

– என்னோடதா இருந்தா நான் ஏன் இப்படி நடுங்கறேன்? ஹைக்கோவோட பொண்ணுது. ஹைக்கோன்னா... இந்த வயசுல எப்படிச் சொல்றது, என் ஆளு. வர்ற சனிக்கிழமை பெட்டி படுக்கையோட அவர் வீட்டுக்கே வந்துடறேன். பொண்ணும் அங்கதான் இருக்கா.

– அப்படியா.

– உப்புத் தண்ணித் தொட்டி ஒண்ணு புதுசா வெச்சிருக்காளாம். ஆனா வாரக்கணக்கா வெறும் கல்லும் தண்ணியும்தானாம்.

– தண்ணி பக்குவமாகணும். அவசரப்பட்டா மீனுக்கு ஆகாது.

– அது சரி. முதல் மீன் என் பரிசா இருக்கட்டும்னு ஒரு ஆசை. நான் குடுத்த மீன் மறுநாளே மல்லாந்து மிதந்தா, அந்த வீட்டுல என் கதி என்னாகும் சொல்லுங்க! அதான் ஹைக்கோவைக் கேட்டேன். நேரா இந்தக் கடைக்குப் போ, மத்தியானமா போன்னு அனுப்பிட்டார்.

– அப்... அப்படியா? அவரேவா சொன்னார்?

– சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற.

– சிரிப்பார், சிரிப்பார். பொண்ணு எப்படி?

– பார்த்தாத்தானே? நான் வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் அவளுக்கு வேலை வந்துடும். ரெண்டு வருஷமா!

– ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல எந்தக் கடைங்க திறந்திருக்கு?

– எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டுக்கல. ஒரு பொண்ணு பொய் சொல்லியாவது தப்பிக்கறான்னா, அவளுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்குன்னுதானே அர்த்தம்?

– ...என்ன வேலையாம்?

– மீன் கடையில. அதனால இந்த ஊர் மீன் கடைப் பக்கமே நான் தலை காட்டறதில்ல. புகை போட்ட விலாங்குன்னா எனக்கு உசுரு. அதைக்கூட ஓல்டன்பர்க்லயே தின்னுட்டு வந்துடறேன். இங்க துறைமுகத்துல வெங்காயம் வெச்ச ஹெரிங் மீன் ரொட்டி கேட்கப் போய், எதிர்ல அவ நின்னுட்டா?

– நின்னா என்ன? ரொட்டி குடுப்பா. கடிக்கவா போறா?

– கடிக்க மாட்டா. 'நீங்க'ம்பா. அதான் கடி.

– 'நீங்க'ன்னா தப்பா?

– நம்ம ஜெர்மனியில வீட்டு மனுஷங்களை, பெரியவங்களாவே இருந்தாலும், யாருங்க 'நீங்க'ம்பாங்க? நீங்களும் நானும் 'நீங்க'ன்னு பேசறோம்னா, இது கடை. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜோடி கையுறை பின்னி, 'அன்புடன் கேஷே'ன்னு எழுதி அனுப்பினேன். பதில் அட்டை வந்துது. 'மதிப்பிற்குரிய திருமதி ஹார்ம்ஸ், உங்களுக்கு நன்றி.' வரி ஆபீஸ்ல கூட இதைவிடப் பாசமா எழுதுவாங்க!

– கட்டை விரல் நீளமா இருந்தா பாவம் அவ வேற என்ன எழுதுவா?

– கட்டை விரலா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– உங்க கையுறையில ரெண்டும் அப்படித்தான் தொங்குது.

– ஐயோ, ஆமாம். மாட்டிக்கிட்டா சிரிப்பாத்தான் இருந்திருக்கும்.

– குளிருக்கு நல்லாத்தான் இருக்கும். ஒண்ணு சொல்றேன். டாம்செல்லைப் பத்திக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். அது ஒண்ணும் கெட்ட மீன் இல்ல.

– கடிக்கும்னீங்களே?

– கடிக்கும். வெறும் தொட்டியில அது மட்டும் இருந்திருக்கு. வேற யாருமில்ல. ஒவ்வொரு கல் இடுக்கையும் அதுதான் காவல் காத்திருக்கு. திடீர்னு ஒருத்தர் வந்து நடுவுல நின்னா, பாவம், அது என்ன பண்ணும்?

– ஆமால்ல? பயத்துலதானே கடிக்குது. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

– இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

– என்னங்க, கண்ணுல உப்புத் தண்ணி பட்டுடுச்சா?

– இந்த வேலையில படும்.

– சரி, அப்படி ஒரு டாம்செல் இருக்கற தொட்டிக்குள்ள புது மீன் போயே ஆகணும்னா? வழியே கிடையாதா?

– ஒண்ணு இருக்கு. புது மீனை விடறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கற கல்லையெல்லாம் கலைச்சு வேற மாதிரி அடுக்கணும். அப்போ பழைய மீனுக்கும் எது தன் இடம்னு தெரியாது. ரெண்டுமே புதுசு. ரெண்டும் சேர்ந்து இடம் தேடும்.

– அட! சண்டை வராதா?

– வரும். ஆனா உயிர் போகாது.

– எனக்கு அது போதும். இப்போ சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு எதை வாங்கட்டும்?

– கோமாளி மீன், ஒரு ஜோடி. கடல்ல பிடிச்சது வேண்டாம், தொட்டியில பொறிச்சு வளர்த்தது. தண்ணி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தாங்கும். ஒண்ணுக்கொண்ணு துணை. எவனையும் விரட்டாது.

– அந்தக் கடைசித் தொட்டியில இருக்கே, ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டது, அந்த ஜோடியைக் குடுங்க.

– அதைக் குடுக்க முடியாது.

– ஏன்? இப்பத்தானே நல்லதுன்னீங்க!

– கண்ணாடியில ஒட்டியிருக்கறதைப் படிங்க.

– கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க... 'விற்பனைக்கு இல்லை. இம்கேவுக்கு.' அட, ஹைக்கோ பொண்ணு பேரும் இம்கேதான். இந்தப் பக்கம் ஊருக்குப் பத்து இம்கே இருப்பாங்க போல... இருங்க. இது மீன் கடை இல்லையே. இது...

– இதுவும் மீன் கடைதான். உயிரோட விக்கறோம், அவ்வளவுதான்.

– கடவுளே! அப்போ நீங்க...

– கேஷே, சனிக்கிழமை வந்ததும் உடனே உன் பெட்டியைப் பிரிக்காத. சோபா, அலமாரி எல்லாத்தையும் முதல்ல இடம் மாத்திப் போடணும்னு அப்பா கிட்ட நீ சொல்லு, நானும் சொல்றேன்.