புற்றுநோயை ஒழித்த ஹசன் அலி

உலக மாந்தர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மார்பகப் புற்றுநோய் இன்று காலையோடு ஒழிந்தது. ஒழித்தவர் சவுதியில் தம்மாம் நகரில் டயர்க்கடை நடத்தும் ஹசன் அலி. வாட்ஸப்பில் வந்த தடுப்பூசி வீடியோவைப் பாதிவரை பார்த்தே ஒழித்துவிட்டார். தங்கை ஷம்ஸியாவுக்கு இனி ஆபரேஷன் கூடாது, ஊசியே போதும் என்று தீர்ப்புச் சொல்ல மச்சானை அழைத்தார். மச்சான் நூர்முகம்மது அப்போது திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஷம்ஸியா உள்ளே இருந்தாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா நிறுத்திப்புடுவாவ, மூச்சு விடாதீய" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"அலோ... வஅலைக்குமுஸ்ஸலாம் மச்சான்... ஆமா, ஆமா, பாத்தேன்... நான் முழுசா பாத்தேன்.

சத்தமா பேச முடியாது... இங்கனதான், ஒரு சோலியா வந்தேன்...

சரி... சரி... ஒடம்புல இருக்குத பட்டாளத்துக்கு கள்ளன் மூஞ்சிய காட்டிக் குடுக்குத ஊசி... நல்லாத்தான் சொல்லுதிய... டாக்டரம்மாட்ட கேக்காம இருப்பனா? பொய்யில்லன்னுதான் சொல்லுதாவ. ஆனா இன்னும் சோதனையிலதான் இருக்காம்... கடையில கெடைக்காது... ஒங்க அரபி சொன்னாலும் கெடைக்காது மச்சான்.

பொறவு, அத அனேகமா கட்டிய எடுத்த பொறவுதான்... திரும்ப வராம இருக்க போட்டுப் பாக்காவளாம்... அறுக்கதுக்குப் பதிலா இல்ல, அறுத்த பொறவு... நான் எங்க எதுத்துப் பேசுதேன்? நீங்க மூத்தவுக...

ஒரு நிமிஷம், கதவு தொறக்கு... இல்ல, வேற ஆளு. சொல்லுங்க.

ஷம்ஸியாட்ட குடுக்கவா?... தூங்குதா... எழுப்ப முடியாது மச்சான், டாக்டருதான் எழுப்பணும்...

...

ஆமா... ஆமா. உள்ளதான் இருக்கா... நிறுத்தச் சொல்லவா? கதவத் தட்டியா?... கத்தாதீய மச்சான். நீங்க சொன்ன கசாயத்தையும் குடிச்சுத்தான் பாத்தா. கட்டிதான் வளந்துச்சு... கையெழுத்து அவளே போட்டா. பேனா மட்டுந்தான் என்னோடது... சரி, ஊருக்கு வந்து என் சட்டையப் புடிங்க, நிக்கேன்...

இருங்க, கூப்பிடுதாவ... ஷம்ஸியா வீட்டுக்காரர் நாந்தான் சிஸ்டர்... ஆங்... ஆங்... கண்ணு முழிச்சிட்டாளா?... அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான்... இருக்கியளா?...

கட்டிய எடுத்தாச்சு. வைக்கேன்."