தொட்டியின் அடிமண்டி

பனைமட்டையைப் போல மலிவான பொருள் இந்தப் பக்கத்தில் வேறில்லை, இன்ஸ்பெக்டர். மாரியூரில் அடுப்பெரிக்கத்தான் அதற்கு மரியாதை. அதை இடித்துச் சக்கையாக்கி எரிசாராயம் எடுக்கலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோட்டாருக்கு ஊற்றுகிற சாராயம். அரசாங்க லைசென்ஸோடு எடுப்பது.

சக்கையைச் சர்க்கரையாக்க ஒரு நொதி வேண்டும். தவிட்டில் பூஞ்சை வளர்த்து அதை நானே எடுத்தேன். செலவெல்லாம் அதற்குத்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்தால் கட்டுப்படியாகாது. ஆனால் தொட்டியின் அடிமண்டியில் பாதி நொதி வீரியம் குறையாமல் தங்கிவிடும். அதன்மேலேயே அடுத்த சக்கையைக் கொட்டினால் போதும். இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

என் வேலையாள் கூத்தையாவுக்குப் புரியவில்லை. பதநீர் இறக்கிப் பழகிய மனிதர்; பானையில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது அவர் தொழில். தொட்டி காலியானால் உள்ளே இறங்கி, மண்டியை வழித்துக் கழுவி, சுண்ணாம்பு பூசிவிடுவார். சுண்ணாம்பு பட்டால் நொதி செத்துப்போகும். எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்.

"சுண்ணாம்பு இல்லாத பானையப் பாத்தா கள்ளுன்னு கேஸ் போட்டுருவாகய்யா. ஒருக்கா உள்ள இருந்துட்டு வந்தவன் நான்" என்பார்.

லைசென்ஸைக் காட்டினேன்.

"அது ஒங்க பேருலல்ல இருக்கு" என்றார்.

நியாயமான பேச்சுதான். அதுதான் எனக்கு எரிச்சல். வேறு ஆள் வைத்திருக்கலாமே என்பீர்கள். வருகிறவனும் பனையேறிதான், அவனும் சுண்ணாம்பைத்தான் எடுப்பான்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. செலவு குறையவில்லை என்றால் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். புதன்கிழமை காலையில் கூத்தையா சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றார். நான் சண்டை போடவில்லை. பேசிப் பேசி அலுத்துவிட்டது.

புளித்த தொட்டியின் அடியில் கெட்ட காற்று தங்கும். அதனால் முதலில் அரிக்கன் விளக்கை இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. விளக்கை இறக்குவது என் வேலை. அன்றைக்கு அது அணைந்துவிட்டது.

"எரியுதாய்யா?" என்று சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"எரியுது" என்றேன்.

வாளியோடு உள்ளே இறங்கியவர் ஏணியின் கடைசிப் படியில் தடுமாறினார். "கிறுகிறுங்குது, கையக் குடுங்கய்யா" என்று ஒரு கையை மேலே நீட்டினார். இன்னொரு கையில் வாளி. என்னிடம் கொக்கி வைத்த நீளமான துரட்டி இருந்தது. அவர் விழுந்தால் வாளியும் மண்டியில் கவிழுமல்லவா? வாளியைத்தான் முதலில் தூக்கினேன். அதைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது, கூத்தையா மண்டியில் குப்புறக் கிடந்தார். சுண்ணாம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.