கூவுற வாட்ச்

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை சார், இஞ்சி தாராளமாகப் போடுகிறார்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டீர்கள், நானே எழுதித் தந்துவிடுகிறேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ரைட்டருக்கு வேலை மிச்சம்.

என் பெயர் தணிகாசலம். புதுவாயல் கூட்டுரோட்டில் ஃபேன்சி கடை வைத்திருக்கிறேன். போன வருடம், 2006-இல், சென்னையிலிருந்து புது சரக்கு ஒன்று எடுத்துவந்தேன். பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டை, அம்மாவின் கையில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. பிள்ளை ஐம்பது அடி தாண்டிப் போனால் பெட்டி கத்தும். ஊரில் அதற்குக் கூவுற வாட்ச் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, ஒருத்தரும் வாங்கவில்லை. மூன்று மாதம் தூசுதான் தட்டினேன்.

அப்போது பழவேற்காட்டுக்குப் பஸ் மாற வந்த பர்ஹானா என்கிற பெண்ணின் மகள் உமைரா கூட்டத்தில் காணாமல் போனாள். என் கடைக்குப் பின்னால் நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தவளை நான்தான் தூக்கிவந்து கொடுத்தேன். அந்தத் தாய் அழுததைப் பார்த்து, நின்ற இடத்திலேயே ஏழு பேர் வாட்ச் வாங்கினார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏழு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அல்லவா.

அதன் பிறகு மாதம் ஒரு பிள்ளையை நானே தொலைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மிட்டாய், பின்வாசல், கால் மணி நேரம் 'கம்முனு ஆட்டம்'. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் இன்னொரு மிட்டாய். பிறகு நானே தேடிக் கண்டுபிடித்துத் தாயிடம் கொடுப்பேன். பத்துப் பிள்ளைகள், ஒரு கீறல் கிடையாது. தாய்மார்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் கிரேஸ் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கடைக்கு வந்தாள். மகள் பிரின்சிக்கு ஆறு வயது, மணிக்கட்டில் என் வாட்ச். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"இன்னாண்ணா, வாங்கி ரெண்டு மாசமாச்சு, ஒரு நாளும் இது கூவல. பொம்மைய தலைல கட்டிட்டியா? வாபஸ் வாங்கிக்கோ."

"பாப்பா உன் முந்தானைய புடிச்சிக்கினே சுத்துது, எப்படிம்மா கூவும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வாங்க வந்த இரண்டு பேர் வாட்சைத் திரும்ப வைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. கிரேஸ் பக்கத்துக் கடையில் தக்காளி பொறுக்கும்போது பிரின்சியைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அங்கே ஒரு காலி கன்டெய்னர் லாரி நின்றது. டிரைவர் எதிர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையை உள்ளே மூலையில் உட்காரவைத்தேன்.

"கம்முனு இருக்கணும். மாமா வந்து பேர் சொல்லிக் கூப்ட்டாதான் வாய தொறக்கணும். வேற யார் கூப்ட்டாலும் மூச் விடக்கூடாது."

தலையை ஆட்டினாள். நான் கடைக்குத் திரும்புவதற்குள் பெட்டி கூவிவிட்டது. கிரேஸ் ஓடிவந்தாள்.

"அண்ணா, பொட்டி கத்துது. புள்ளய காணோம்ணா."

"பாத்தீங்களா, வேலை செய்யுது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓடினாள். இங்கே வாட்ச் விற்கத் தொடங்கியது.

டிரைவர் அருணாச்சலம் மேல் வழக்குப் போடாதீர்கள் சார். கதவைச் சாத்துவதற்கு முன் அவர் ஒழுங்காகக் குரல் கொடுத்தார். "உள்ள யாருனா கீறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டது என் காதிலேயே விழுந்தது. பதில் வரவில்லை. பிரின்சி ஆட்டத்தைச் சரியாக ஆடினாள்.

நான் அப்போது நாலாவது வாட்சைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பியதையும் பார்த்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருக்கும். அத்தனை பேர் முன்னால் என்னவென்று சொல்லிச் சத்தம் போடுவது? வழியில் எங்காவது நிறுத்துவார்கள், கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். நெல்லூர் தாண்டி மறுநாள் மதியம்தான் திறந்தார்களாம். மே மாத வெயில். பிள்ளை அதே மூலையில் இருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

பிள்ளை பிடிக்கிறவன் என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள். நான் ஈரமில்லாதவன் இல்லை. அன்று சாயங்காலம் வரை கிரேஸ் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் சத்தம் நிற்கும் என்று ஹைவேஸில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். பேட்டரி தீர்ந்து பெட்டி வாயடைத்ததும் என்னிடம்தான் ஓடிவந்தாள். நானே புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அதற்கு நான் காசு வாங்கவில்லை.