நாகக்கன்னியின் கையெழுத்து

— புர்காவைக் கழட்டாத, அழகம்மா. முகத்திரையும் அப்படியே கிடக்கட்டும். அந்த ஸ்டூல்ல உக்காரு.

— ஏன் பாய், கூடாரத்துக்குள்ள வந்தாச்சே, இன்னும் எதுக்கு இது? பாம்புப் பொண்ணுக்குக் காலு இருக்குன்னு மைதானத்துல எவனும் பாத்துடக் கூடாதுன்னுதானே ஒன்பது வருஷமா உங்க வீட்டுக்கு வந்து இதை மாட்டிக்கிட்டு வரேன். உள்ள எவன் பாக்கப் போறான்? வேர்த்து ஊத்துது.

— இன்னிக்கு ஒரு ஆளு வர்றாரு. அவர் முன்னால நீ அழகம்மா இல்ல. என் வீட்டுக்காரி சாரா பீவி.

— நல்லாருக்கே கதை! இது எப்பலேர்ந்து?

— சீ, அதெல்லாம் இல்ல. ஒரே ஒரு கையெழுத்து. சாரா பீவின்னு போட்டுட்டு எந்திரிச்சு உள்ள போயிடு. அவ்ளோதான்.

— ஏன், சாரா அக்காவுக்குக் கை இல்லையா?

— கை இருக்கு, மனசுதான் இல்ல. மூணு நாளா எங்கூடப் பேச்சே கிடையாது. ஸ்டால் லைசென்ஸு அவ பேருல இருக்கு. உன் உடம்பை மறைச்சுத் தலையை மட்டும் காட்டுதே, மேஜைக்கு அடியில நிக்கிற கண்ணாடி, அது அவ அத்தா குடுத்தது. அந்தத் திமிருல பாலக்கரையில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

— எதுக்குங்க கையெழுத்து?

— முனிசிபாலிட்டி பேப்பரு.

— முனிசிபாலிட்டி பேப்பருக்கு அக்கா ஏன் மூணு நாளு பேசாம இருக்கணும்?

— இந்தா பாரு, உன்னைக் கேள்வி கேக்கவா வெச்சிருக்கேன்? பதில் சொல்லத்தானே வெச்சிருக்கேன்.

— சரி, அதை விடுங்க. வெளியில என்ன கூத்து நடக்குது? ராட்டினத்துக் குதிரையெல்லாம் கழட்டி மூலையில போட்டுட்டு பாம்பு பாம்பா மாட்டிக்கிட்டு இருக்கான். மரணக் கிணத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டுற சின்னையன் நெத்தியில பச்சைக் கல்லை ஒட்டிக்கிட்டு நிக்கிறான். பஞ்சுமிட்டாய் விக்கிற இருதயமேரிகூட தலையில தகர நாகம் வெச்சிருக்கா. கேட்டா, “கம்பெனி குடுத்துச்சுக்கா”ங்குறா.

— எல்லாம் ‘சர்ப்பத்தீவு’ படம். ரெண்டு பாகம் ஓடி முடிஞ்சிருச்சு, மூணாவது பொங்கலுக்கு வருது. வைகுண்ட ஏகாதசிக்கு உங்க ஸ்ரீரங்கத்துல கூடுற சனம் பாலத்தைத் தாண்டி நேரா இங்கதான் வரும். வந்து என்ன கேக்கும்? சர்ப்பத்தீவு எங்கன்னுதான் கேக்கும்.

— அந்தப் படக்காரன் பாம்பைப் பாக்குறதுக்கு முன்னாலேர்ந்து நாம பாம்பு காட்டுறோம் பாய்.

— நீ வரலாறு பேசு, நான் பட்டினி கிடக்குறேன். உஷ், வந்துட்டாரு. வாங்க சார், வாங்க!

— வணக்கம் பாய். பொருட்காட்சி ஆபீஸ்ல லைசென்ஸ் நகலுக்கு ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க. அப்புறம் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தாங்க. இவங்கதான் உங்க வீட்டம்மாவா?

— ஆமா சார். சாரா, இவர்தான் சண்முகசுந்தரம் சார். சர்ப்பத்தீவு கம்பெனி ஏஜெண்டு.

— வணக்கம்மா. அதாவது பாருங்க, பெண்கள் கையெழுத்துன்னா விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் வாங்கணும்னு கம்பெனி ரூல் இருக்கு. சொல்லிடட்டுங்களா?

— வேணாம் சார். அவளுக்கு எல்லாம் தெரியும். நீங்க பேனாவை எடுங்க.

— எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க.

— சாரா...

— சார் சொல்லட்டுமே, ஏங்க பதர்றீங்க?

— அதாவது பாருங்கம்மா, இந்த சீசன் முழுக்க ஸ்டால் எங்க கம்பெனி பேருல நடக்கும். வாசல்ல நாப்பதடி நாகம், வாய்க்குள்ள நுழைஞ்சுதான் ஜனங்க வரணும். உள்ள படத்துல வர்ற அதே குகை, அதே ரப்பர் பாம்பு. பாம்பு உடம்புல மெட்ராஸ்லேர்ந்து ஒரு பொண்ணு. நம்ம ஹீரோயின் ஜாடை அப்படியே இருக்கும். பத்தொன்பது வயசு. நாளைக்குக் காலை ரயில்ல வர்றா.

— அப்ப இங்க இருக்கிற தலை?

— அந்தக் கெழத் தலையா? அதை நிறுத்தியாச்சே. பாய் சொல்லலியா?

— இல்லீங்களே. என் வீட்டுக்காரரு பெரிய சமாசாரத்தை எல்லாம் வீட்டுல சொல்ல மாட்டாரு. என்னங்க, நிறுத்திட்டீங்களாமே?

— சாரா, அது வந்து... சார், டீ சொல்லட்டுமா?

— டீ எதுக்கு பாய்? நேத்து நீங்கதானே சொன்னீங்க, “அவ வாய் ஜாஸ்தி சார், வயசும் ஆயிடுச்சு, நானே எப்படிக் கழட்டி விடுறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்”னு.

— அப்படியா சொன்னாரு?

— அட, பேச்சுக்குச் சொல்றதுதான் சாரா...

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏன் சார், நீங்க அந்தத் தலையைப் பாத்திருக்கீங்களா? அது பேசிக் கேட்டிருக்கீங்களா?

— பாத்துத்தான் தெரியணுமாம்மா? எல்லா ஊருலயும் ஒண்ணு இருக்கு. கேள்வி கேட்டா பதில் சொல்லும். பட்டிக்காட்டு வித்தை.

— அந்த மெட்ராஸ் பொண்ணு என்ன பதில் சொல்லும்?

— அது பேசவே பேசாதும்மா. வாயை மட்டும் அசைக்கும். ஹீரோயின் சொந்தக் குரல்ல கிராமபோன் ரெக்கார்டு போட்டுக் கொண்டு வந்திருக்கோம். படத்துல வர்ற நாலு வசனம்.

— எவனாவது வந்து, “என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, எப்பத் திரும்பி வருவா”ன்னு கேட்டா?

— “நாகலோகத்தின் சாபம் உன்னைச் சும்மா விடாது”ன்னு ரெக்கார்டு சொல்லும்.

— பொருத்தமாத்தான் இருக்கு.

— சிரிக்கிறீங்க. ஆனா ஜனங்க அதைத்தாம்மா கேக்குறாங்க. தியேட்டர்ல கேட்டதையே இங்கயும் கேக்கணும். புதுசா ஒண்ணு சொன்னா கல்லை விட்டு எறிவான். அடடா, பேனர் சரியுது பாருங்க! டேய், அந்தக் கயித்தை இழுத்துக் கட்டுங்கடா! ஒரு நிமிஷம் பாய், இதோ வந்துடறேன்.

— அழகம்மா, இந்தா பாரு...

— தொடாதீங்க. தள்ளி நில்லுங்க. என் வேலையைப் பிடுங்குற பேப்பர்ல என்னையே கையெழுத்துப் போடச் சொன்னீங்களே, நீங்க மனுஷனா?

— மெதுவாப் பேசு. வெளிய நிக்கிறாரு.

— ஏன் மெதுவாப் பேசணும்? எனக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே! அந்த வாய் இல்லாம இந்தக் கூடாரம் ஒரு நாள் நின்னிருக்குமா? துவாக்குடிக்காரன் வந்து, “என் பசு எப்பக் கன்னு போடும்”னு கேட்டான். “என்னை ஏன்டா கேக்குற, காளையைக் கேளு”ன்னேன். அவன் மறுநாளு ஊரையே வண்டி கட்டிக் கூட்டிக்கிட்டு வரலியா? மாமியார் கொடுமைன்னு அழுதுக்கிட்டு வந்த புத்தூர்ப் பொண்ணு, சிரிச்சுக்கிட்டுத்தானே போனா? கழுத்தை ஓட்டையில விட்டுக்கிட்டு, மூக்கு அரிச்சாலும் சொறிய முடியாம, ஒன்பது வருஷம் பாய். ஒன்பது வருஷம் ஊருக்கெல்லாம் பதில் சொன்னேன்.

— யாரு இல்லன்னா? காலம் மாறிப்போச்சு, நான் என்ன பண்ணுவேன்? மாட்டேன்னா ஸ்டாலைச் சுத்தி நாலு பக்கமும் அவன் பாம்பு, நடுவுல நாம மட்டும் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். உன்னை நடுத்தெருவுல விட மாட்டேன். வாசல்ல டிக்கெட்டு கிழிக்கிற வேலை இருக்கு.

— நான் தலையா இருந்த வாசல்ல நான் டிக்கெட்டு கிழிக்கணுமா? எவளோ வாயைத் திறந்து திறந்து மூட, நான் சனத்தைப் புடிச்சு உள்ள தள்ளணுமா?

— அப்ப என்னதான் பண்ணுவ? போடலைன்னா, இவ என் வீட்டுக்காரியே இல்ல, வேஷம் போட்டு ஏமாத்த வந்தவன்னு சொல்லிடுவேன். போலீஸ் உன்னைத்தான் புடிக்கும். என்னை இல்ல.

— அந்த அளவுக்கு வந்தாச்சா?

— நீ என்னை வர வெக்கிற.

— சரி பாய். போடுறேன். கூப்பிடுங்க அவரை.

— இப்பத்தான் நீ நல்ல புத்திக்கு வந்த. சார், வாங்க! வீட்டுல ஒத்துக்கிட்டாங்க.

— சந்தோஷம்மா. இந்தாங்க பேனா. இங்க கீழ.

— இருங்க சார். இது ஒரு சீசனுக்கு மட்டும்தானே?

— ஆமாம்மா. கம்பெனி மொத்தமாவே வாங்கிக்கத்தான் கேட்டுச்சு. பாய்தான் முடியாதுன்னுட்டாரு. லைசென்ஸு, கூடாரம், கண்ணாடி எதையும் குடுக்க மாட்டேன், அடுத்த வருஷம் எனக்கு வேணும்னாரு.

— அவர் என்ன சொல்றது? லைசென்ஸு சாரா பீவி பேருல இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்குங்க. கூடாரம், மேஜை, கண்ணாடி, பழைய பாம்புத் துணி வரைக்கும். மொத்தமா. பேனாவால மாத்தி எழுதுங்க, போடுறேன்.

— ஏய்! என்ன பேசுற நீ?

— நம்ம வீட்டுல யாருக்கும் பாம்பு வேணாங்க. உங்களுக்கும் வயசாயிடுச்சு. உங்களை எப்படிக் கழட்டி விடுறதுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— எழுதிட்டேம்மா. “நிரந்தரமாக, சகல உரிமைகளுடன்”. இங்க போடுங்க.

— சார், அவ பேச்சைக் கேக்காதீங்க! சாரா, வேணாம்... அல்லா, அவ போடுறாளே!

— சா... ரா... பீ... வி. போட்டாச்சு. இந்தாங்க.

— ரொம்ப நன்றிம்மா.

— சார், அந்தக் கையெழுத்து செல்லாது! இவ என் வீட்டுக்காரியே இல்ல!

— என்ன பாய் விளையாடுறீங்க? நீங்கதானே சொன்னீங்க?

— பொய் சொன்னேன் சார். என் வீட்டுக்காரி வர மாட்டேன்னுட்டா. இவதான் அந்தப் பாம்புத் தலை. அழகம்மா! திரையைத் தூக்குடி, சார் பாக்கட்டும்!

— அம்மா... நீங்களா? நான் கெழத் தலைன்னு சொன்னப்ப நீங்கதான் எதிர்ல உக்காந்திருந்தீங்களா?

— நான்தான் சார். பாத்துக்குங்க. எல்லா ஊருலயும் இருக்கே, அது.

— சரி, அப்ப லைசென்ஸ் உண்மையா யாரு பேருலதான் இருக்கு? இந்தக் கவரைப் பிரிச்சே பாத்துடறேன். ... பாய், இது என்ன?

— என்ன சார்? சாரா பீவின்னுதானே இருக்கு?

— இருந்திருக்கு. நேத்து அவங்க தன் அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் பொருட்காட்சி ஆபீசுக்கு வந்து மாத்தியிருக்காங்க. படிக்கிறேன் கேளுங்க. “என் கணவர் நசுருதீன் இந்த ஸ்டாலை என் சம்மதம் இல்லாமல் சினிமாக் கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்கிறார். ஆகையால் என் பெயரில் உள்ள உரிமத்தையும், என் தகப்பனார் கொடுத்த கண்ணாடியையும், இதில் ஒன்பது வருடமாக உழைக்கும் ஸ்ரீரங்கம் அழகம்மாளுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.” கீழ ஆபீஸ் சீல் இருக்கு.

— சாராவா? அவளா எழுதினா?

— அம்மா, அதாவது பாருங்க, நீங்க அவங்க பேருல போட்டது செல்லாதுன்னு பாயே சொல்லிட்டாரு. உங்க சொந்தப் பேருல இன்னொரு தடவை போட்டுடுறீங்களா?

— ரெண்டு பேரும் வெளிய போங்க. ஆறு மணிக்கு முதல் ஷோ, நான் மேக்கப் போட்டுக்கணும்.