துவாஸில் தீ, குமாரின் தாடி

நான் ஒட்டுக்கேட்கவில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய அந்த இரண்டு பேரும் அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

"டேய் குமாரு, பூசத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. காவடி எடுக்கப்போறவன் தாடிய எடுத்துட்டு வந்து நிக்கற?"

"போன வாரம் துவாஸ்ல எங்க ஃபேக்டரில தீண்ணே. நான்தான் ஆன்-கால்."

"நீ ஸ்டோர்ல தானடா வேலை பாக்கற?"

"அலாரம் அடிச்சா ஃபயர் டீம். தாடி இருந்தா மாஸ்க் முகத்துல ஒட்டாது, புகை உள்ள வந்துரும். பூசம் முடியுற வரைக்கும் என் பேர எடுங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். 'வேற ஆள் இல்ல, தீயெல்லாம் வராது லா'ன்னாரு."

"வந்துருச்சு."

"மாஸ்க்க மாட்டிப் பாத்தேன், நிக்கல. டூட்டி முடிஞ்சு கிளம்பிட்டிருந்த ஜோசப் என்னப் பின்னால இழுத்துட்டு அவன் தீக்குள்ள போனான். ரெண்டு கையும் வெந்துருச்சுண்ணே. அன்னிக்குக் காலையில நான் ஷேவ் பண்ணியிருந்தா..."

"சரி விடு. போய்ப் பாத்தியா?"

குமார் வெளிறிப்போன தாடையைத் தடவிக்கொண்டார்.

"நேத்துப் போனேன். கையெல்லாம் கட்டோட சிரிக்கிறான். 'சாமிக்கு வளத்தது, எடுக்க வேணாம்னு தானேடா நான் போனேன், அதையும் எடுத்துட்டியா'ங்கறான்."