நாற்காலியில் அரை மணி நேரம்

– ஷட்டரைப் பாதி இறக்குங்க. யாராவது முடிவெட்ட வந்துடப் போறாங்க.

– வரட்டுமே. வெட்டி அனுப்பிடறேன்.

– ஆமாமா… இன்னிக்கு உங்க வேகத்துக்கு ஊரையே வெட்டி அனுப்பிடலாம்.

– குத்திக் காட்டாத.

– நான் ஒண்ணும் சொல்லலப்பா.

– வக்கீலம்மா என்ன பெருசா கேட்டாங்க? அந்த ஆள் முடிவெட்ட வந்தா நாற்காலியில அரை மணி நேரம் உட்கார வைங்கன்னாங்க. நீ கவுன்டர்ல இருந்து போன் போட்டதும் போலீஸைக் கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு. அதைக்கூட என்னால…

– விடுங்க.

– எப்படி விடறது? உன் அண்ணனை வண்டியில ஏத்திட்டுப் போனவன்டி அவன்!

– மெதுவா…

– அங்க, நம்ம நாட்டுல, அவன் பெரிய ராணுவத் தளபதி. எந்தக் கோர்ட்டும் கிட்டயே போகாது. இங்கதான் கேஸ் எடுப்பாங்க. அதுவும் அவன் இந்த நாட்டுல இருந்தாத்தான்னு வக்கீலம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. மகளைப் பார்க்க வந்தவன், இந்நேரம் பிளேன் ஏறியிருப்பான். இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பானா?

– மத்தவங்களைப் பேசிப் பேசியே தூங்க வைப்பீங்க. இன்னிக்கு மட்டும் வாயே திறக்கல?

– அவனுக்கு அவசரம்.

– அவசரமா? பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு சாவகாசமா உட்கார்ந்திருந்தான். நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்?

– ஷேவும் பண்ணிடுன்னான்.

– சரி…

– கண்ணை மூடித் தலையைப் பின்னால சாய்ச்சான். நுரை போட்டேன். கத்தியைக் கழுத்துல வச்சேன்… மச்சான் ஞாபகம் வந்துடுச்சு.

– அண்ணனா?

– நம்ம கல்யாணத்தன்னிக்கு எனக்குக் கை நடுங்குதுன்னு மச்சான்தானே ஷேவ் பண்ணி விட்டாரு? முடிவெட்டறவனுக்கே கை நடுங்குதாய்யான்னு அப்படிச் சிரிச்சாரு…

– ம்… சிரிச்சாரு.

– இன்னிக்கு நடுங்கல. துளிகூட நடுங்கல. அதான் பயந்துட்டேன்.

– ஐயோ! என்னங்க…

– இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா அறுத்திருப்பேன். சத்தியமா. அரைகுறையா வழிச்சுத் துடைச்சு எழுப்பி விட்டுட்டேன். அவன் ‘நல்லாயிருக்கு’ன்னு என் தோள்ல தட்டிட்டுப் போறான்… மச்சானுக்கு நான் பண்ணின துரோகம் இது. திட்டு. நல்லாத் திட்டு.

– உங்களை எதுக்குத் திட்டறது…

– அவன் போயிட்டான்னு போலீஸ் பாதி வழி வந்து திரும்பியிருப்பாங்கல்ல? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா…

– யாரும் வந்திருக்க மாட்டாங்க.

– ஏன்? நீ போன்ல பேசினதைக் கண்ணாடியில பார்த்தேனே!

– காதுல வச்சேன்… சும்மா உதட்டை அசைச்சேன். போடல.

– என்னடி சொல்ற? உன் கூடப் பொறந்தவருக்காகத்தானே இத்தனையும்…

– அவனைப் பிடிச்சா முதல்ல என்ன கேப்பாங்க? கூட்டிட்டுப் போனவரை என்ன பண்ணினன்னு கேப்பாங்க. இன்னிக்கு வரைக்கும் எங்க அண்ணன் காணாமப் போனவருதாங்க. அவன் வாயைத் திறந்துட்டா… செத்துப் போனவராயிடுவாரு.